நடுக்கத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்



இந்தப் பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மன்னர்களையும் போர்களையும் பற்றிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்துக்கொள்வார்கள். நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் சரித்திரத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலே நாலு எழுத்துச் சொல். அதற்குள் இங்கிலாந்தின் சதுப்பு நிலமும் இருக்கிறது, நம்முடைய லயத்து வீடும் இருக்கிறது.

முன்பு ஒருநாள் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி ஆங்கிலக் கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு போனான். 'ஏ, ஜி, யூ, இ' என்று நாலு எழுத்து வந்ததும் நின்றுவிட்டான். கொஞ்சம் யோசித்து 'ஏக்' என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதே மாதிரி முடிகிற சொற்களை 'பிளேக்' என்றும் 'லீக்' என்றும்தானே படிக்கிறோம்? ஆனால் இது மட்டும் தனி வழி. 'ஏ-கியூ' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "அப்படின்னா என்னா சார்?" என்று கேட்டான். "ஒரு வகைக் காய்ச்சல்டா, மேலே படி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் சரியாகத் தெரியாது.

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். குளிரும் நடுக்கமுமாக முறை வைத்து வரும் காய்ச்சல், அந்த நடுக்கம், எந்தக் காரணத்தாலும் உடம்பு உதறுவது என்று பொருள் போட்டிருந்தது. பக்கத்திலேயே 'பழைய வழக்கு' என்று ஒரு குறிப்பும் இருந்தது. படித்ததும் எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வாயால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"மத்தியானம் பன்னெண்டு அடிச்சா வந்துரும்டா தம்பி. மொதல்ல முதுகுல பச்சத்தண்ணி ஊத்துன மாதிரி இருக்கும். அப்புறம் பல்லு கிட்டிக்கும். படுத்திருக்கிற பலகையே ஆடும். கம்பளி, சாக்கு எல்லாத்தையும் போத்தி மேலே ரெண்டு பேரு உக்காந்தாலும் அடங்காது. கொஞ்ச நேரத்துல நெருப்பாக் கொதிக்கும். அதுக்கப்புறம் வேர்த்து ஊத்திட்டு விட்டுரும். எந்திரிச்சு சோறாக்குவேன். மறுநாள் ஒண்ணுமே இருக்காது, வேலைக்குப் போயிருவேன். நாளன்னிக்கு அதே நேரத்துக்கு, ஆள் வந்து கதவைத் தட்டுற மாதிரி, திரும்ப வந்துரும்."

குளிர், சூடு, வியர்வை என்று மூன்று கட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. வைத்திய நூல்கள் சொல்வதை அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாமலே சொல்லிவிட்டார். நாம் 'குளிர் காய்ச்சல்' என்றும் 'முறைக் காய்ச்சல்' என்றும் சொல்வது இதைத்தான். பழைய ஆங்கிலேயர் 'ஏகியூ' என்றார்கள். இன்று உலகம் 'மலேரியா' என்கிறது.

இனி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு மொழி புகுந்தது. வைத்தியர்களோ லத்தீனில் எழுதினார்கள். கடுமையாக அடிக்கும் காய்ச்சலுக்கு அவர்கள் லத்தீனில் 'பெப்ரிஸ் அக்யூட்டா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'பெப்ரிஸ்' என்றால் காய்ச்சல். 'அக்யூட்டா' என்றால் கூர்மையானது. பிரெஞ்சுக்காரர் வாயில் அந்த 'அக்யூட்டா' தேய்ந்து 'அகூ' ஆயிற்று. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டபோது, காய்ச்சல் என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். கூர்மை என்ற அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இது என்ன வேடிக்கை என்று நினைக்காதீர்கள். நாமும் இதைத்தான் செய்கிறோம். "அவருக்கு இனிப்பு இருக்கு, காப்பியில சீனி போடாதே" என்கிறோமே, அங்கே வியாதி என்ற சொல் எங்கே போயிற்று? கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது, அதனால் விழுந்துவிடுகிறது.

ஆகவே 'ஏகியூ' என்ற சொல்லின் வேரில் நடுக்கமே கிடையாது. கூர்மைதான் உண்டு. கணக்குப் பாடத்தில் குறுங்கோணத்தை ஆங்கிலத்தில் 'அக்யூட் ஆங்கிள்' என்று படிக்கிறீர்களே, அந்த 'அக்யூட்' இதற்கு உடன்பிறப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதும் 'அக்யூட்'டும் அதுவே. லத்தீனில் ஊசிக்கு 'அக்குஸ்' என்று பெயர். ஊசி குத்தும் சீன வைத்தியத்துக்கு ஐரோப்பியர் 'அக்குபங்சர்' என்று பெயர் வைத்தது அதனால்தான். ஊசி, கோணம், காய்ச்சல் மூன்றும் ஒரே குடும்பம். முதலில் எந்தக் கடுங்காய்ச்சலுக்கும் பொதுவாக இருந்த பெயர், போகப் போக நடுக்கி வரும் முறைக் காய்ச்சலுக்கே உரியதாயிற்று. பிறகு நடுக்கத்துக்கே பெயராகிவிட்டது. பயத்தில் உதறுகிறவனைப் பார்த்தும் 'ஏகியூ பிடித்திருக்கிறது' என்றார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணால் கண்டது நடுக்கத்தை. புத்தகம் வைத்த பொருளைக் கண் மாற்றிவிட்டது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த சொல். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் கலிபன் என்பவன் பயத்தில் துணிக்கடியில் நடுங்கிக் கிடப்பான். குடிவெறியில் வரும் ஸ்டெபானோ, இவனுக்கு ஏகியூ கண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, வாயில் சாராயத்தை ஊற்றுவான். 'ட்வெல்த் நைட்' நாடகத்தில் ஒரு கோமாளிப் பிரபுவுக்குப் பெயரே 'ஏகியூசீக்', அதாவது ஏகியூ பிடித்த கன்னம்! அந்தப் பெயரைக் கேட்டதுமே லண்டன் ஜனங்கள் சிரித்திருப்பார்கள்.

குளிர் நாடான இங்கிலாந்தில் மலேரியாவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். நம்மை ஆண்ட துரைமார்கள் இதைக் 'கீழைநாட்டுக் காய்ச்சல்' என்றல்லவா சொல்லி வைத்திருந்தார்கள்? ஆனால் கேம்பிரிட்ஜுக்கு வடக்கே இருந்த பெரிய சதுப்பு நிலத்திலும், எஸ்ஸெக்ஸ், கென்ட் கடற்கரைச் சேற்று நிலங்களிலும் அவர்களுடைய ஏழைக் குடியானவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதே காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தார்கள். வைத்திய வசதி இல்லாதவர்கள் கசகசாச் செடியின் காயை வேகவைத்துக் குடித்து மயங்கிப் படுத்தார்கள். ஆட்சியாளர்களையும் அது விடவில்லை. 1658-ல் இறந்த ஆலிவர் கிராம்வெல்லின் கடைசி நோயில் இந்தக் காய்ச்சலும் சேர்ந்திருந்தது.

'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீபோ 1720-களில் பிரிட்டனைச் சுற்றிப் பயணநூல் எழுதினார். எஸ்ஸெக்ஸ் சேற்று நிலத்தில் ஐந்தாறு முதல் பதினான்கு பதினைந்து மனைவி வரை கட்டிய ஆண்கள் சர்வ சாதாரணமாக இருந்தார்கள் என்று அதில் எழுதுகிறார். ஒரே சமயத்தில் அல்ல, ஒருத்தி செத்து இன்னொருத்தியாக! 25-ஆவது மனைவியோடு வாழ்ந்த ஒரு விவசாயியைப் பற்றியும் கேள்விப்பட்டாராம். கதை சொன்னவன் கொஞ்சம் அளந்திருக்கலாம் என்று டீபோவே சந்தேகப்படுகிறார். ஆனால் காரணம் பொய்யில்லை. ஆண்கள் அந்தச் சேற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெண்களை மேட்டு நிலத்து ஊர்களிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல காற்றில் வளர்ந்த அந்தப் பெண்கள் ஒரே வருடத்தில் ஏகியூ கண்டு போய்விடுவார்கள்.

சின்ன வயதிலிருந்தே இந்தக் காய்ச்சலில் அடிபட்டுத் தப்பிய உடம்புக்கு ஓரளவு தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. புதிதாக வந்த உடம்புக்கு அது கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஆண்டீஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையை ஏசு சபைப் பாதிரிமார் ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிகள் கொண்டுவந்த பட்டை என்பதால் இங்கிலாந்தின் புரோட்டஸ்டண்டு ஜனங்கள் பலர் அதைத் தொடவே அஞ்சினார்கள். இந்தச் சமயத்தில் எஸ்ஸெக்ஸில் வைத்தியம் பார்த்த ராபர்ட் டால்பர் என்பவர், பாதிரிப் பட்டை ஆபத்தானது என்று 1672-ல் புத்தகமே எழுதிவிட்டு, தன்னிடம் ரகசிய மருந்து இருக்கிறது என்றார். அரசர் இரண்டாம் சார்லஸையே குணப்படுத்தி 'சர்' பட்டமும் வாங்கினார். அவர் இறந்தபின் 1682-ல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அந்த ரகசியத்தை வெளியிட்டார். பார்த்தால், ஒயினில் கலந்த அதே பாதிரிப் பட்டை! நாட்டு மருந்துக் கடைத் தந்திரம் லண்டனிலும் இருந்திருக்கிறது. 1820-ல் பெல்த்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பட்டையிலிருந்து சத்தைப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் குவினைன். நம் தோட்டத்துக் 'கொய்னா'.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் காய்ச்சல் அடிக்கடி வந்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். சேற்று நிலத்து ஆங்கிலேயர் அதற்கு 'ஏகியூ கேக்' என்று பெயர் வைத்தார்கள். பிறந்தநாள் கேக் இல்லை, வயிற்றுக்குள் கட்டி. மலாய்க்காரர்கள் இந்தக் காய்ச்சலையே 'டெமாம் குரா' என்றார்கள். குரா என்றால் மண்ணீரல். நடுக்கத்தைப் பார்த்துத் தமிழன் பெயர் வைத்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்து மலாய்க்காரர் வைத்தார். இந்த வயிற்றுக்கட்டி சங்கதி பின்னால் நம் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது.

'மலேரியா' என்ற பெயர் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. கெட்ட காற்று என்று பொருள். 1740-ல் ரோமிலிருந்து கடிதம் எழுதிய ஹொரேஸ் வால்போல் அதை ஆங்கிலத்தில் பயன்படுத்தினார். சேற்று நாற்றம்தான் காய்ச்சலைத் தருகிறது என்று அப்போது நம்பினார்கள். 1880-ல் லாவெரன் என்ற பிரெஞ்சு டாக்டர் அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ரத்த அணுக்களுக்குள் வளரும் கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் நடுக்கம் எடுக்கிறது. ஒரு வகைக்கு 48 மணி நேரம், இன்னொரு வகைக்கு 72 மணி நேரம். அப்பாயி சொன்ன 'கதவைத் தட்டுற' கணக்கு இதுதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1901-ல் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த கொஞ்ச நாளிலேயே வேலையாட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசிக்கும் அளவுக்குப் போயிற்று. ராஸ் கண்டுபிடித்து நாலே வருடம் ஆன செய்தியை வாட்சன் நம்பினார். காட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது.

அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோதுதான் வினை வந்தது. ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்ததும் காய்ச்சல் ஏறிற்று! காரணம், கொசுவிலும் சாதி உண்டு. தாழ்ந்த நிலத்துக் கொசு காட்டு நிழலிலே தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். மலையடிவாரக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீர்தான் வேண்டும். மரத்தை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்து விட்டவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் ஓடைகளை மண் குழாயில் அடக்கிப் பூமிக்கடியில் ஓடவிட்டார்கள், தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்தார்கள். வாட்சன் 1911-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் அதிகம் என்று அறிய அந்தக் காலத்து டாக்டர்கள் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் விலாவுக்குக் கீழும் விரலால் அழுத்தி, 'ஏகியூ கேக்' இருக்கிறதா என்று எண்ணினார்கள்.

டீபோ சொன்ன மேட்டு நிலத்துப் பெண்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறி வந்த நம் ஜனங்களில் பலருக்கு இந்தக் காட்டுக் காய்ச்சல் புதிது. "வந்த மொத வருசத்தைத் தாண்டிட்டா பொழைச்சான்" என்று அப்பாயி சொல்வார். எஸ்ஸெக்ஸ் மனைவிகளின் கதிதான். ரப்பர் விலை ஏறிய அந்தப் பத்திருபது ஆண்டுகளில் தாண்டாமல் போனவர்கள் ஏராளம். மருத்துவச் சரித்திரத்தில் வாட்சன் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், நல்ல காரியம் செய்தவர். முழங்கால் சேற்றில் நின்று மம்பட்டி பிடித்துக் கால்வாய் வெட்டியவர்கள், சில நாள் அதே சேற்றங்கரையில் குளிர் கண்டு சுருண்டவர்கள், அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

கொய்னா கதை எல்லாத் தோட்டத்துக்கும் பொது. "பெரட்டுக்கு நிக்கிறப்போ டிரசர் ஐயா வருவாரு. வாயத் தொறன்னு சொல்லி ஊத்துவாரு. குமட்டும். காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி 'ஙொய்'னு இருக்கும். கிராணி அங்கிட்டுத் திரும்புனா துப்பிருவோம்" என்று அப்பாயி சிரிப்பார். காதில் அந்த இரைச்சல் குவினைனின் பக்க விளைவு, நிஜம்தான். துப்பியவர்கள் சிலர் அடுத்த வாரமே படுத்துக்கொண்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1942-ல் ஜப்பான்காரன் ஜாவாவையும் பிடித்துக்கொண்டான். உலகத்துக் குவினைனில் பெரும் பங்கு அந்த ஜாவாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதே ஜப்பான்காரன் நம் தோட்டத்து ஆட்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினான். 1942, 43-ல் போட்ட அந்த மரண ரயில் பாதையில் மருந்தில்லாமல் மலேரியாவும் காலராவும் வயிற்றுப்போக்கும் தின்ற உயிர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். என் பெரியப்பா அங்கே போனார். திரும்பவில்லை. என்ன நோயில் போனார் என்று சொல்ல ஆளுமில்லை.

இங்கிலாந்தில் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கினார்கள், வீடுகள் சீராயின, குவினைன் மலிந்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காய்ச்சல் அநேகமாக ஒழிந்தது. முதல் உலகப் போரில் கிரேக்க நாட்டுப் பக்கம் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்களால் கென்ட் கரையில் கொஞ்ச காலம் திரும்ப எட்டிப் பார்த்ததோடு சரி. நோய் போனதும் சொல்லும் போய்விட்டது. அகராதியில் 'பழைய வழக்கு' என்று போட்டிருந்ததன் அர்த்தம் அதுதான்.

நம் பக்கத்திலும் நிலைமை மாறியது. தீபகற்பத்தில் 1967-ல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி, மருந்தடிக்கிறவர்கள் வீடு வீடாக வந்தார்கள். சிங்கப்பூர் 1982-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. மனிதருக்கு மனிதர் பரவும் பழைய மலேரியா 2018-லிருந்து மலேசியாவுக்குள் யாருக்கும் உள்ளூரில் தொற்றியதாக இல்லை. இப்போதைய பிள்ளைகளிடம் 'குளிர் காய்ச்சல்' என்றால் மழையில் நனைந்த சளிக்காய்ச்சல் என்று நினைக்கிறார்கள். நம் சொல்லும் 'ஏகியூ' போன வழியில் போகிறதோ என்னவோ. போகட்டும், நல்லதுதான்.

ஆனால் ஒரு சங்கதி மிச்சம் இருக்கிறது. குரங்குகளிடம் இருக்கும் 'நோலெசி' என்ற மலேரியாக் கிருமி காட்டுக் கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கருக்கு வந்ததாகப் பதிவு உண்டு. எப்போதோ ஒன்று என்று விட்டுவிட்டார்கள். 2004-ல் நம் மலேசியப் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் சரவாக்கின் காபிட் பகுதியில் பலருக்கு அது இருப்பதைக் காட்டினார்கள். இன்று இந்நாட்டில் உள்ளூரில் தொற்றும் மலேரியா என்றால் பெரும்பாலும் இதுதான், சாவும் உண்டு. இதற்கு 48 மணி நேரமெல்லாம் கிடையாது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அப்பாயி கணக்கு இங்கே உதவாது.

காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், ஆற்றுக்கு மீன் பிடிக்கவும் காட்டுக்கு முகாம் போடவும் போகிற பிள்ளைகளும், போய்வந்த சில வாரங்களுக்குள் குளிரும் காய்ச்சலும் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கிளினிக்கில் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் காட்டுப் பக்கம் போயிருந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்கள். மருந்து இருக்கிறது, கொய்னா மாதிரி கசக்கவும் கசக்காது.